மானியத்துக்கு எழுதும் முன் வாங்குபவரைத் தேடுங்கள்: அறிவியலாளர் நிறுவனர்களுக்கு ஒரு செயல்முறைக் கையேடு

ஆய்வகத்தில் பல ஆண்டுகள் உழைத்து ஒரு சோதனைமுறையையோ, வேதிப்பொருளையோ, கருவியையோ உருவாக்கிய அறிவியலாளர், அதை நிறுவனமாக வளர்க்க நினைத்ததும் முதலில் தேடுவது மானியத்தைத்தான். மானியத்துக்கு எழுதுவது அவருக்குக் கைவந்த வேலை, முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் "இதற்காக நீங்கள் இப்போது எவ்வளவு செலவு செய்கிறீர்கள்?" என்று கேட்பது கூச்சம் தரும் வேலை. அதனால் முதலில் மானியம், அந்தப் பணத்தில் முன்மாதிரி, அதன் பிறகு சந்தை என்ற வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுவது எப்படி என்பதையே இந்தக் கையேடு விளக்குகிறது.

மானியம் இலவசப் பணம் அன்று. உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் 2012இல் நிறுவப்பட்ட பைராக் அமைப்பு ‘பயோடெக்னாலஜி இக்னிஷன் கிரான்ட்’ என்ற பெயரில், சுருக்கமாக ‘பிக்’ என்று, 50 லட்சம் ரூபாய் வரையிலான மானியத்தை 18 மாத காலத்துக்கு வழங்கிவருகிறது. 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டம், முன்மாதிரியையும் தொடக்கநிலைச் சோதனைகளையும் முடிப்பதற்கு 20 லட்சம் வரை மானியம் என்று வகுத்தது. இத்தகைய எந்தத் திட்டத்திலும் பணம் தவணைகளாகத்தான் வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் நீங்களே விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்த மைல்கல் ஒன்று இருக்கும். இருபது நிமிடத்தில் முடிவு தரும் சோதனை என்று எழுதிவிட்டால், அடுத்த ஒன்றரை ஆண்டு அந்த இருபது நிமிடத்தை எட்டுவதிலேயே கழியும். அதற்குள் வாங்குபவருக்கு வேகம் தேவையே இல்லை என்று தெரியவந்தாலும், எழுதிக்கொடுத்ததை நடுவழியில் மாற்றுவது எளிதாக இராது. தவறான மைல்கல்லை நோக்கிச் சரியான அறிவியலைச் செய்வது என்பது நல்ல ஆய்வாளர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய ஒரு விபத்து. திறமையற்றவர் அந்த இடம் வரை போவதே இல்லை.

இது சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் நேர்வதும் அன்று. ஃபைசர் நிறுவனம் ஊசிக்குப் பதிலாக மூச்சுவழி உள்ளிழுக்கும் இன்சுலினை ‘எக்சுபெரா’ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2006 ஜனவரியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் கிடைத்தது. மருந்து வேலை செய்தது. ஊசியை யார்தான் விரும்புவார் என்ற எண்ணமும் நியாயமாகவே தெரிந்தது. ஆனால் உள்ளிழுக்கும் கருவி பொது இடத்தில் எடுத்துப் பயன்படுத்தத் தயங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது, நுரையீரல் பரிசோதனை தேவைப்பட்டது, விலையும் கூடுதல். அதற்குள் மெல்லிய ஊசி கொண்ட இன்சுலின் பேனாக்கள் ஊசியின் மீதான அச்சத்தையே பெருமளவு குறைத்துவிட்டிருந்தன. 2007 அக்டோபரில் ஃபைசர் அதைக் கைவிட்டு 280 கோடி டாலரை இழப்பாகக் கணக்கில் எழுதியது. நோயாளி எதை ஒரு தொல்லையாகக் கருதுகிறார் என்ற கேள்விக்கு அந்த மருந்தின் அறிவியலில் விடை இல்லை.

முதற்படி: கண்டுபிடிப்பைப் பற்றி அல்ல, ஒரு முடிவைப் பற்றி எழுதுங்கள்

சந்தை மதிப்பீட்டைத் தொடங்கும் நாளில் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தில் உங்கள் தொழில்நுட்பத்தின் பெயர் வரக்கூடாது. இன்ன வேலையில் இருக்கும் இன்னார், இன்ன தருணத்தில், இப்போது எடுக்கும் முடிவுக்குப் பதிலாக வேறு முடிவு எடுப்பார், அதனால் அவருக்கு இவ்வளவு மிஞ்சும், அதில் ஒரு பங்கை அவர் தருவார் என்ற வடிவில் அது அமைய வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த வாக்கியத்தை எழுத உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ‘தருணம்’ என்ற இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். சிக்கிக்கொள்வது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு இறுதிவரை நடந்து பார்ப்போம். ஆளும் நிறுவனமும் கற்பனை, தொழில் உண்மையானது. மூலக்கூறு உயிரியலில் தேர்ந்த ஓர் ஆய்வாளர், இறாலைத் தாக்கும் இஎச்பி என்ற நுண்ணொட்டுண்ணியைக் குளத்தங்கரையிலேயே இருபது நிமிடத்தில் கண்டறியும் சோதனைப் பட்டை ஒன்றை உருவாக்கியிருக்கிறார். இஎச்பி இறாலின் கல்லீரல் கணையத்தில் தங்கி வாழ்வது. வெள்ளைப்புள்ளி வைரஸைப் போல் அது குளத்தைச் சில நாட்களில் காலி செய்வதில்லை. வளர்ச்சியைத் தடுத்து, ஒரே குளத்தில் பெரிதும் சிறிதுமாக இறாலை நிறுத்திவிடுகிறது. தீவனம் போய்க்கொண்டே இருக்கும், எடை ஏறாது. இறாலின் விலை ‘கவுன்ட்’ கணக்கில், அதாவது கிலோவுக்கு எத்தனை உருப்படி என்ற கணக்கில் அமைவதால், 50 கவுன்ட்டில் பிடிக்க வேண்டியதை 80 கவுன்ட்டில் பிடிக்க நேர்ந்தால் எடையிலும் விலையிலும் இரட்டை அடி விழும்.

ஆய்வாளர் எழுதும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இறால் வளர்க்கும் விவசாயி, குளத்தில் இஎச்பி இருப்பதை விரைவாக அறிந்துகொள்வார்." அறிந்துகொண்டு என்ன செய்வார்? இஎச்பிக்கு நம்பகமான சிகிச்சை இல்லை. குஞ்சு விட்டு நாற்பது நாள் ஆன குளத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அவர் தீவனத்தைக் குறைக்கலாம் அல்லது முன்கூட்டியே பிடித்துவிடலாம். இறால் வளரவில்லை என்பது வலையை வீசி எடை பார்க்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால், பட்டை புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். ஆகவே விரைவாக அறிதல் என்ற பெருமை இந்தத் தருணத்தில் அவ்வளவாகக் காசு பெறாது.

முடிவு மாறக்கூடிய தருணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. குஞ்சு வாங்குவதற்கு முன்னால், இந்த ஹேச்சரியின், அதாவது குஞ்சு பொரிப்பகத்தின், இந்தத் தொட்டியை எடுப்பதா விடுவதா என்பது ஒன்று. அறுவடைக்கும் அடுத்த வளர்ப்புக்கும் இடையே, குளத்து மண்ணில் இஎச்பியின் வித்துகள் எஞ்சியிருக்கின்றனவா, சுட்ட சுண்ணாம்பு போட்டு மறுபடி காய விடுவதா என்பது இன்னொன்று. ஹேச்சரிக்குள்ளேயே, தாய் இறாலுக்கு உயிரோடு கொடுக்கும் பல்சுணைப் புழுக்கள் இஎச்பியைச் சுமந்து வரக்கூடும் என்பதால், வந்திறங்கிய புழுவை ஏற்பதா திருப்புவதா என்பது மற்றொன்று. ஒரே பட்டைக்கு மூன்று வேறு வாடிக்கையாளர், மூன்று வேறு மாதிரி, மூன்று வேறு விலை. இவற்றில் எது என்று தீர்மானிக்காமல் மானிய விண்ணப்பத்தில் ‘மாதிரித் தயாரிப்பு முறை’ என்ற பத்தியைக்கூடச் சரியாக எழுத முடியாது. ஏனெனில் மண்ணிலிருந்து எடுப்பதும் குஞ்சிலிருந்து எடுப்பதும் வேதியியலில் வெவ்வேறு வேலை.

இரண்டாம் படி: பயன்படுத்துபவர், பணம் தருபவர், தடுக்கக்கூடியவர்

ஒரு தொழிலில் யார் யாரிடம் என்ன வாங்குகிறார், எப்போது பணம் கைமாறுகிறது என்பதைப் படமாக வரைந்துகொள்ளுங்கள். இறால் தொழிலில் இந்தப் படம் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிடச் சிக்கலானது. பல விவசாயிகள் தீவனத்தைக் கடனில் எடுக்கிறார்கள். தீவன வியாபாரியே குஞ்சையும் ஏற்பாடு செய்து, அறுவடை நேரத்தில் கணக்குத் தீர்ப்பதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் குளம் தோற்றால் கடன் நின்றுபோவது வியாபாரிக்கு. சோதனைக்குப் பணம் தரக் காரணம் உள்ளவர் அவராகவும் இருக்கலாம். மறுபுறம் ஹேச்சரிக்காரருக்குச் சோதனை ஓர் இரட்டை முனைக் கத்தி: சுத்தமான குஞ்சு என்று காட்டுவது அவருக்கு விற்பனை, தொற்று இருக்கிறது என்று வாங்குபவரின் முன்னிலையில் தெரிவது அவருக்குத் தொட்டி முழுவதும் நட்டம். உங்கள் சோதனையால் யாருக்கு நட்டம் என்ற கேள்வியை நிறுவனர்கள் கேட்பதே இல்லை. நட்டப்படுபவரின் வாசல் வழியாகத்தான் உங்கள் பொருள் போக வேண்டியிருந்தால், அதன் தரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அங்கேயே நின்றுவிடும்.

வாங்குபவர் யார் என்பது தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மதுரை ஆரோலேப் நல்ல சான்று. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரை அறுவைக்கான உள்விழி வில்லை தேவைப்பட்டது. இறக்குமதி வில்லையின் விலை ஏழை நோயாளிக்கு எட்டாததாக இருந்தது. 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டபோது, எத்தனை வில்லை வேண்டும், எந்த விலையில் வேண்டும், எந்த அறுவை மருத்துவர் அதைச் சோதித்துச் சொல்வார் என்பவை எல்லாம் பக்கத்துக் கட்டடத்திலேயே தெரிந்திருந்தன. எல்லோருக்கும் அப்படி ஒரு பக்கத்துக் கட்டடம் வாய்க்காது. வாய்க்காதவர்கள் அதை நடந்து தேட வேண்டும்.

மூன்றாம் படி: நேரில் போய்க் கேட்பது

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஆய்வு மானியம் பெற்ற கண்டுபிடிப்புகள் ஆய்வகத்திலேயே தேங்குவதைக் கண்டு 2011இல் ‘ஐ-கோர்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் பிளாங்க் நடத்திய வகுப்பின் முறையை ஒட்டியது அது. குழு ஒன்று ஏழு வாரங்களில் குறைந்தது நூறு பேரைச் சந்தித்துப் பேச வேண்டும் என்பது அதன் புகழ்பெற்ற விதி. சென்னை ஐஐடியில் உள்ள கோபாலகிருஷ்ணன்-தேஷ்பாண்டே மையமும் கல்விநிலைய ஆய்வுக் குழுக்களுக்கு இதே போக்கிலான பயிற்சியை அளித்துவருகிறது. பயிற்சியில் இடம் கிடைத்தால் சேரலாம். கிடைக்காவிட்டாலும் முறை ஒன்றும் இரகசியமில்லை. நூறு என்ற எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதும் இல்லை. ஒரே வகையான வாங்குபவரில் பத்துப் பதினைந்து பேரைப் பார்த்தபின், அடுத்தவர் என்ன சொல்வார் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் அந்த வகை போதும். மூன்று நான்கு வகையினர் இருப்பதால் மொத்தம் நாற்பது ஐம்பது பேர் ஆகிவிடுவார்கள். ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

நம் எடுத்துக்காட்டு ஆய்வாளர் எங்கே போக வேண்டும்? மரக்காணம் கடலோரத்து ஹேச்சரிகள், நாகப்பட்டினம் மாவட்டத்துப் பண்ணைகள், ஆந்திரக் கடற்கரை, ஊர்தோறும் இறால் விவசாயிகளுக்காக நடக்கும், மரபணுவைக் கொண்டு தொற்றைக் கண்டறியும் பிசிஆர் கூடங்கள், தீவனக் கடைகள். சென்னையிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. நோயறிதலில் என்னென்ன முன்பே முயலப்பட்டன என்று அங்குள்ள ஆய்வாளர்களிடம் கேட்டாலே சில மாதங்கள் மிச்சமாகும். வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால் நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் கூடத்தின் வழியாகத்தான் ஹேச்சரிகளுக்குப் போகிறது. அங்கே எவை சோதிக்கப்படுகின்றன என்று அறிந்துகொள்வதும் நல்லது.

போவது நிறுவனராக இருக்க வேண்டும். மாணவரையோ சந்தை ஆய்வு நிறுவனத்தையோ அனுப்பக்கூடாது. விவசாயி போகிறபோக்கில் சொல்லும் ஒரு சொல், சோதனையின் எந்தக் கூறை மாற்ற வேண்டும் என்பதைச் சுட்டுகிறது என்று கண்டுபிடித்தவருக்கு மட்டுமே உறைக்கும். இடையில் ஓர் ஆள் நின்றால் அந்தச் சொல் அறிக்கையில் இடம்பெறாமலே போய்விடும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கோ பண்ணைக்கோ தேடி வந்தவரின் மனம் நோகப் பேசமாட்டார்கள். "குளத்தங்கரையிலேயே இருபது நிமிடத்தில் முடிவு தெரியும் சோதனை வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால், டீயை நீட்டிக்கொண்டே "வந்தா நல்லாத்தான் இருக்கும் சார்" என்பார்கள். அது மரியாதை, அதைத் தேவை என்று குறித்துக்கொண்டு திரும்பிய விண்ணப்பங்கள் ஏராளம். வருங்காலத்தைப் பற்றிக் கேட்காமல் நடந்து முடிந்ததைக் கேட்க வேண்டும். "போன தடவை குஞ்சு எங்கண்ணே எடுத்தீங்க? அந்த ஹேச்சரியை யார் சொன்னாங்க? எடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணினீங்களா? யார் கொண்டுபோனாங்க? எவ்வளவு ஆச்சு? ரிசல்ட் வர்றவரைக்கும் தொட்டியை நிறுத்தி வெச்சாங்களா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், மனிதர் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார். கதைக்குள் தொகையும் நாளும் ஆட்களும் தானாக வருவார்கள். உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி முதல் அரைமணி நேரம் வாய் திறக்கக்கூடாது. பேராசிரியர்களுக்கு இது உண்மையிலேயே கடினமான பயிற்சி.

சந்திப்பின் முடிவில், எதிரிலிருப்பவருக்குக் கொஞ்சமாவது செலவு வைக்கும் ஒன்றைக் கேளுங்கள். அடுத்த வாரம் குஞ்சு எடுக்கும்போது மாதிரி தருவாரா, வேறு இரண்டு விவசாயிகளிடம் அழைத்துப் போவாரா, ஹேச்சரி உரிமையாளரிடம் உங்கள் முன்னிலையில் தொலைபேசியில் பேசுவாரா? பாராட்டு செலவில்லாதது; நேரமும் மாதிரியும் அறிமுகமும் செலவுள்ளவை. நாற்பது பேரில் எத்தனை பேர் இந்தச் செலவை ஏற்றார்கள் என்பது, எத்தனை பேர் "நல்ல யோசனை" என்றார்கள் என்பதைவிட நம்பத்தக்க அளவு. குறிப்புகளை அன்றிரவே எழுதிவிடுங்கள்: அவர் சொன்ன சொல்லிலேயே, உங்கள் விளக்கத்தைத் தனியே வைத்து. ஆய்வகக் குறிப்பேட்டில் அளவீட்டையும் ஊகத்தையும் கலக்காதவர், இங்கே மட்டும் கலக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: இப்போது அந்த வேலை எப்படி நடக்கிறது

‘எங்களுக்குப் போட்டியே இல்லை’ என்ற வரி மதிப்பீட்டாளரின் கண்ணில் பட்டவுடன் விண்ணப்பத்தின் மீதான நம்பிக்கை குறைகிறது. போட்டி இல்லாத பிரச்சினை என்றால், ஒன்று அது பிரச்சினையே இல்லை, இல்லாவிட்டால் எழுதியவர் வெளியே போய்ப் பார்க்கவில்லை. குளத்தங்கரைப் பட்டைக்குப் போட்டி இன்னொரு பட்டை அன்று. பக்கத்து ஊர் பிசிஆர் கூடம், பழகிய ஹேச்சரியின் மீதுள்ள நம்பிக்கை, ‘போன தடவை நன்றாக வந்ததே’ என்ற அனுபவம், ஒன்றும் செய்யாமல் விடுவது ஆகிய நான்கும்தான். கடைசியாகச் சொன்னது மிக வலுவானது, அதற்குக் காசும் வேண்டியதில்லை.

வேகத்தின் கதை இங்கேதான் வெளிப்படும். குஞ்சைத் தொட்டியிலிருந்து பிடித்து, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் கட்டி வண்டியேற்றுவதற்கு முன்பாகவே மாதிரி எடுத்துக் கூடத்துக்கு அனுப்பும் வழக்கம் இருக்கும் இடத்தில், முடிவு இருபது நிமிடத்தில் வந்தாலும் சில மணி நேரத்தில் வந்தாலும் வாங்குபவருக்கு வேறுபாடு சிறிது. மாறாக, மாதிரி எந்தத் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், அதே தொட்டிக் குஞ்சுதான் வண்டியில் ஏறியதா என்ற ஐயங்களே சந்திப்புகளில் திரும்பத் திரும்ப வருமானால், அவர் தேடுவது வேகமன்று, நம்பிக்கை. அப்போது விற்க வேண்டியது பட்டையாகவும் இருக்கலாம். வாங்குபவரின் சார்பில் ஹேச்சரிக்குப் போய் அவர் கண்ணெதிரே சோதித்துக் கையெழுத்திட்டுத் தரும் சேவையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வேதியியல். நிறுவனம் மட்டும் முற்றிலும் வேறு.

பொருள் எந்தச் சூழலில் கையாளப்படும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காசநோய்க்கான ‘ட்ரூநாட்’ சோதனை, குளிர்சாதன அறையும் தடையற்ற மின்சாரமும் இல்லாத சுகாதார நிலையத்திலும் மின்கலத்தில் இயங்கும்படி அமைக்கப்பட்டது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதன் பயன்பாட்டை ஏற்றது. ஆய்வகத்தில் சில விழுக்காடு கூடுதல் துல்லியம் என்பதைவிட, அந்த அறையில் அது ஓடும் என்பதே அதன் வலிமை.

ஐந்தாம் படி: கீழிருந்து மேலே கணக்கிடுவது

சந்தை அளவைப் பற்றிய பத்தியில் வழக்கமாகக் காணப்படுவது இதுதான்: உலக அளவில் இத்துறையின் மதிப்பு இத்தனை பில்லியன் டாலர், அதில் ஒரு விழுக்காடு கிடைத்தாலும் போதும். அந்த ஒரு விழுக்காடு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளிலிருந்து தொடங்குங்கள்: குளம், தொட்டி, படுக்கை, இயந்திரம், ஏக்கர்.

கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களைச் சந்திப்புகள் தரவேண்டும். மூன்று மாவட்டங்களில் நீங்கள் எட்டக்கூடிய குளங்கள் 2,000 என்க. ஆண்டுக்கு இரண்டு வளர்ப்பு, வளர்ப்புக்கு இரண்டு சோதனை, ஒன்றுக்கு 500 ரூபாய். 2,000 குளமும் வாங்கினாலும் ஆண்டு விற்பனை 40 லட்சம்தான். கால் பங்கினர் வாங்கினால் 10 லட்சம். ஐம்பது லட்சம் மானியம் கேட்கும் பொருளின் முழுச் சந்தையும் அந்த மானியத்தொகையைவிடச் சிறிது என்பது, ஒரு பேனாவும் கால்மணி நேரமும் இருந்தால் தெரிந்துவிடக்கூடிய உண்மை. ஒரு மாவட்டத்துக்கு ஒரு விற்பனையாளரை வைத்தாலே அந்தப் பத்து லட்சம் சம்பளத்துக்கும் டீசலுக்கும் போய்விடும்.

இதையே ஹேச்சரிப் பக்கத்திலிருந்து பாருங்கள். நூறு ஹேச்சரி, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 150 தொட்டி விற்கிறது, தொட்டிக்கு இரண்டு சோதனை, ஒன்றுக்கு 400 ரூபாய் என்றால் 1 கோடியே 20 லட்சம். வாடிக்கையாளர் நூறு பேர் மட்டும் என்பதால் விற்பனைச் செலவு மிகவும் குறையும். ஆனால் மேலே சொன்ன தயக்கம், அதாவது கெட்ட செய்தியைக் காசு கொடுத்து வாங்க யார் முன்வருவார் என்ற தயக்கம், இங்கேதான் முழு வேகத்தில் எதிர்ப்படும். புழுச் சோதனையில் அந்தத் தயக்கம் இராது. புழுவில் தொற்று என்று தெரிந்தால் நட்டம் புழு விற்றவருக்கு, இலாபம் ஹேச்சரிக்கு. எண்ணிக்கையில் சிறிய இந்தச் சந்தையே முதல் காலடிக்கு ஏற்றது என்று முடிவு செய்ய நேரலாம்.

விலையைச் செலவிலிருந்து கட்டக்கூடாது. மிச்சமாவதிலிருந்து கட்ட வேண்டும். ஒரு ஹெக்டேரில் சதுர மீட்டருக்கு 40 வீதம் விட்டால் 4 லட்சம் குஞ்சு. ஒன்று 40 பைசா என்று கொண்டால் குஞ்சுச் செலவே 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். தீவனச் செலவு அதைவிடப் பன்மடங்கு. அந்த முதலீட்டுக்கு முன்னால் 500 ரூபாய் ஒன்றுமே இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். விவசாயி அப்படிக் கணக்கிடுவதில்லை. பக்கத்துக் கூடத்தில் என்ன கட்டணமோ அதுதான் அவர் மனத்தில் உள்ள விலை. கூடுதலாகக் கேட்டால் கூடுதலாக என்ன என்பார். இரண்டு கணக்கையும் எழுதி, உங்கள் விலை இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று காட்டுங்கள்.

ஆறாம் படி: காகித வேலைகள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தள்ளிப்போட முடியாது. முறையை வெளியே விவரிப்பதற்கு முன் காப்புரிமைக்கான தற்காலிக விண்ணப்பத்தையாவது பதிந்துவிடுங்கள்; அதிலிருந்து முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யப் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. மாநாட்டுச் சுவரொட்டியும் வெளியீடுதான் என்பதைப் பலர் காலங்கடந்து உணர்கிறார்கள். மூன்றாம் படியில் சொன்ன முறைப்படி பிரச்சினையைப் பற்றி மட்டும் பேசினால், சந்திப்புகளில் எதையும் வெளிவிட வேண்டிய தேவையே இராது. கண்டுபிடிப்பு உங்கள் நிறுவனத்துக்கா, பல்கலைக்கழகத்துக்கா என்பதையும், பல்கலைக்கழகத்துக்கு என்றால் உரிமம் எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மனிதர் மீது பயன்படும் கருவியோ சோதனையோ ஆனால் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளில் அது ஏ, பி, சி, டி என்ற நான்கு வகுப்புகளில் எதில் விழும் என்று பார்த்துவிட்டே கால அட்டவணை போட வேண்டும். அரசு வாங்கும் என்ற நம்பிக்கையில் இருப்பவர்கள் கொள்முதல் அமைப்பின் பழைய ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மையமாகக் கொள்முதல் செய்கிறது. மருத்துவமனை முதல்வருக்குப் பிடித்துவிட்டது என்பதால் மட்டும் பொருள் அங்கே நுழைந்துவிடாது.

ஏழாம் படி: நிறுத்தக் கோட்டை முன்பே வரைதல்

சந்திப்புகளைத் தொடங்குமுன், எந்த விடை வந்தால் திட்டத்தை மாற்றுவீர்கள் என்பதைத் தேதியிட்டு எழுதி, கூட்டாளிகள் அனைவரும் கையெழுத்திடுங்கள். உதாரணமாக: பதினைந்து ஹேச்சரிகளில் குறைந்தது ஐந்து, நாம் பணம் வாங்காமலேனும், தன் தொட்டியில் முன்னோட்டச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் ஹேச்சரிச் சந்தையைக் கைவிடுவோம். தரவு வந்தபின் கருதுகோளை அதற்கேற்ப வளைப்பதை ஆய்வுக் கட்டுரையில் எவரும் ஏற்கமாட்டார்கள். சொந்தக் கண்டுபிடிப்பு என்றதும் மட்டும் அந்த ஒழுக்கம் எங்கோ போய்விடுகிறது. விடை ‘இல்லை’ என்று வந்தாலும் அந்த எட்டு வாரம் வீணன்று: கண்டுபிடிப்பு கட்டுரையாகலாம், உரிமமாக வேறு நிறுவனத்துக்குப் போகலாம், அதே வேதியியல் வேறு நோய்க்குத் திரும்பலாம்.

விண்ணப்பத்தில் இதை எப்படி எழுதுவது

அமெரிக்க அறிவியல் அறக்கட்டளையின் சிறுதொழில் மானியத்துக்கு முதலில் அனுப்ப வேண்டிய குறுமுன்மொழிவில் உள்ள நான்கு பகுதிகளில் ஒன்று சந்தை வாய்ப்பு. ‘பிக்’ போன்ற நம் திட்டங்களிலும் வணிக வாய்ப்பைப் பற்றிய கேள்வி உண்டு. அங்கே பில்லியன் டாலர் வரைபடத்தை ஒட்டாமல், செய்த வேலையை எழுதுங்கள். எந்த மாதங்களில், எந்தப் பகுதிகளில், எந்த வகையினரில் எத்தனை பேரைச் சந்தித்தீர்கள். தொடங்கும்போது என்ன நம்பினீர்கள். அதில் எது பொய்த்தது. அதனால் பொருளில் எதை மாற்றினீர்கள். பொய்த்ததை எழுதத் தயங்க வேண்டாம். மதிப்பீட்டுக் குழுவில் தொழில்துறையிலிருந்து வந்தவர் ஒருவராவது இருப்பார். நிறுவனர் உண்மையாகவே வெளியே போயிருக்கிறார் என்பதை அவருக்கு உணர்த்துவது அந்தப் பத்திதான்.

இணைப்பாகத் தரும் கடிதங்களிலும் தரம் உண்டு. ‘இந்த ஆய்வு மிகவும் பயனுள்ளது’ என்று நண்பரான துறைத்தலைவர் எழுதித்தரும் கடிதத்தால் ஒன்றும் ஆகாது. ‘எங்கள் ஹேச்சரியில் இத்தனை தொட்டிகளில் இத்தனை மாதம் முன்னோட்டச் சோதனைக்கு இடமும் ஆளும் தருகிறோம், இந்த அளவை எட்டினால் இந்த விலையில் வாங்குவதைப் பரிசீலிப்போம்’ என்று அச்சிட்ட தாளில் உரிமையாளர் கையெழுத்திட்ட இரண்டு கடிதங்கள் பத்துப் பாராட்டுரைகளுக்குச் சமம். அப்படி ஒரு கடிதத்தைக் கேட்கும்போது எதிரிலிருப்பவர் நெளிவதும் ஒரு தரவுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மைல்கற்கள். நம் ஆய்வாளர் வெளியே போகாமல் எழுதியிருந்தால் முதல் மைல்கல் ‘இருபது நிமிடத்தில் முடிவு’ என்று இருந்திருக்கும். எட்டு வாரம் அலைந்தபின் அது ‘ஹேச்சரிப் பணியாளர் ஒருவர், ஒரு நாள் பயிற்சியோடு, வந்திறங்கிய புழு மாதிரியில் சோதித்துப் பெறும் முடிவு, அதே மாதிரியின் பிசிஆர் முடிவோடு மூன்று ஹேச்சரிகளில் ஒத்துப்போக வேண்டும்’ என்று மாறியிருக்கும். பட்டையின் நேரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை; அதற்காக ஒதுக்கியிருந்த ஆறு மாதமும் வேதிப்பொருள் செலவும் பணியாளர் பயிற்சிக்கும் மூன்று ஹேச்சரிகளுக்குப் போய்வரும் செலவுக்கும் நகர்ந்திருக்கும்.